ஆளுக்கொரு காதாகக் கேட்ட பாடம்

மாரீஸ்வரிக்கு அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே, சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ சொன்னதற்குப் பதில் சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை. "நீங்க அங்கன தனியாக் கெடந்து கஷ்டப்படணும்னா எனக்கு அந்தப் படிப்பே வேண்டாம்ப்பா. பொட்டியக் கெட்டிக்கிட்டு வாரேன்" என்றாய். அப்புறம் நீ மறுபடி கூப்பிட்டாய், மணி அடிக்கிறதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போனில் பேசினால் நான் வழக்கம்போல நல்லாருக்கேன் என்று சொல்லிவிடுவேன், நீயும் வழக்கம்போல நம்பமாட்டாய். அதனால் எழுதுகிறேன். தீபாவளி முடிந்து வெடிக் கம்பெனியை அடைத்திருக்கிறார்கள், மழை விட்டு பூஜை போட்டுத் திறக்க நாளாகும். எனக்கு இப்போது நேரத்துக்குப் பஞ்சமில்லை, எழுதிக்கொண்டே இருக்கலாம். நீண்டுபோனால் பொறுத்துக்கொள். உன் கூடப் படிக்கிறவர்களுக்கு வாசித்துக் காட்ட நினைத்தாலும் காட்டு, எனக்குக் கூச்சமில்லை.

உனக்குப் படிப்பை விடவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அதனால் அது எங்கே தொடங்கியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுச் சங்கரம்மாவை வைத்துத்தான் தொடங்கியது. தாயில்பட்டிப் பக்கம் அவள் வேலை பார்த்த கம்பெனியில் சத்தம் கேட்டபோது அவள் தண்ணீர் குடிக்க ரூமை விட்டு வெளியே வந்திருந்தாள். நம் பக்கத்தில் யாரும் விபத்து என்று சொல்வதில்லை, சத்தம் என்றுதான் சொல்வோம். அவள் மேல் ஒரு தீப்பொறிகூடப் படவில்லை. ஆனால் அவளோடு அந்த ரூமில் வெடிச்சரம் பின்னிக்கொண்டிருந்தவர்கள் யாரும் இல்லை. அன்றிலிருந்து அவள் எந்தக் கூரைக்கு அடியிலும் போகமாட்டேன் என்றாள். முற்றத்து வேப்பமரத்தடியிலேயே சமைத்தாள், அங்கேயே படுத்தாள், மழை பெய்தால் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் நல்லவன்தான், அவனுக்குத் தெரிந்ததை அவன் செய்தான். பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டிவந்து உடுக்கு அடிக்கவைத்தான். வேப்பிலையால் அடித்து அடித்து அவள் தோளெல்லாம் சிவந்து போனது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீ அப்போது பி.காம். முடித்துவிட்டு சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டுக்கு வராமல் நேரே அந்த வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வாய். இந்தப் பிள்ளைக்கும் ஏதோ பிடித்துவிட்டது என்று தெருவில் பேசினார்கள். நீ அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கீரை ஆய்ந்தால் நீயும் ஆய்ந்தாய், அவள் சும்மா இருந்தால் நீயும் சும்மா இருந்தாய். அப்படி எத்தனையோ நாள் போன பிறகு அவள் உன்னிடம் சொன்னதை நீ சாப்பிடும்போது என்னிடம் சொன்னாய். "கூரைக்குக் கீள போனாப் போதும் தாயி, ஒன்னய எங்க காணோம், ஒன்னய எங்க காணோம்னு அவுக எல்லாரும் கேக்காக" என்றாளாம். சொல்லிவிட்டு நீ சோற்றில் கையை வைத்தபடி இருந்தாய். அவளுக்குப் பேய் பிடிக்கவில்லை, இதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது, நான் அதைப் படிக்கப்போகிறேன் என்றாய். நான் மோர் ஊற்றிக்கொள் என்றேன். அதுதான் உன் படிப்புக்கு நான் சொன்ன முதல் ஆசீர்வாதம்.

சைக்காலஜி என்றால் என்னவென்று எனக்கு எங்கே தெரியும்? பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறது என்று நினைத்தேன். நம் ஊர்ப்பக்கம் எந்தக் கல்லூரியிலும் அந்தப் படிப்பு இல்லை. வெளியூர் விடுதிக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, உங்க அம்மா மஞ்சள் காமாலையில் போய் அப்போதுதான் வருஷத் திதி கொடுத்திருந்தோம். அப்போது நீதான் எங்கேயோ தேடி, பெங்களூருக்கும் அந்தப்பக்கம் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியைக் கண்டுபிடித்தாய். கம்ப்யூட்டர் வழியாகவே பாடம் நடத்துவார்கள், வீட்டில் இருந்தபடியே படிக்கலாம், கடைசி ஆறு மாதம் மட்டும் நேரில் வந்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு பழகவேண்டும் என்று சொன்னாய். அந்தக் கடைசி ஆறு மாதத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அது எங்கேயோ தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

விஷயம் எப்படியோ அச்சங்குளத்துக்குப் போய், உன் மாமா மறுநாளே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தார். பிள்ளையைப் படிக்கவைக்கிறேன் என்று கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடப்போகிறீர்கள், நாளைக்கு நம் சாதியில் எவன் பெண் எடுப்பான், என் அக்கா இருந்தால் இது நடக்குமா என்று கேட்டார். குலசாமி கும்பிடுக்குக் கூப்பிட்டால் மட்டும் முட்டுவலி வந்துவிடுகிற மனுஷன், சாமியைக் காப்பாற்ற பஸ் ஏறி வந்திருந்தார். நான் அவருக்குக் காபி வாங்கி வந்து கொடுத்தேன். சண்டை போடவில்லை. எனக்குள்ளும் அந்தப் பயம் கொஞ்சம் இருந்தது என்பதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தப் பயம் எப்போது போனது தெரியுமா? விண்ணப்பத்தில் உன் இறைநம்பிக்கை பற்றி ஒரு பக்கம் எழுது என்று கேட்டிருந்தார்கள். என்னப்பா எழுத என்று கேட்டாய். உள்ளதை எழுது, சேர்த்துக்கொண்டால் சேர்த்துக்கொள்ளட்டும் என்றேன். விருதுநகர் பங்குனிப் பொங்கலில் உங்க அம்மா அக்கினிச்சட்டி எடுத்ததை நீ எழுதினாய். கையில் சட்டி கனன்றுகொண்டிருக்க, கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டு அவள் நடையை நிறுத்தி, அதன் அம்மா வரும்வரைக்கும் பக்கத்திலேயே நின்றாளே, அதையும் எழுதினாய். அவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மாரியம்மனைப் பற்றி எழுதிய பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட இடத்தில் என் பிள்ளைக்குக் கெடுதல் வராது என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

அப்புறம் சிவகாசி பிரவுசிங் சென்டர். சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு. பலகை அடைத்த அந்தச் சின்னச் சின்ன அறைகளில் நீ தனியாகப் போய் உட்காருவதா என்று நானும் கூடவே கிளம்பிவிட்டேன். கடைக்காரத் தம்பி, அண்ணாச்சி நீங்க வெளியே பெஞ்சில் இருங்க என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். நான் கேட்கவில்லை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உன் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டேன். போர்மேன் சட்டையோடு நான் நடந்து போவதைப் பார்த்ததும் வழியில் உட்கார்ந்திருந்த பயல்கள் பார்த்துக்கொண்டிருந்ததை எல்லாம் அவசர அவசரமாக மூடுவார்கள். உன் படிப்பால் அந்தக் கடையின் வியாபாரம் படுத்துவிட்டது என்று அந்தத் தம்பி ஒருநாள் என்னிடமே சொன்னான்.

முதல் இரண்டு வாரம் நான் உட்கார்ந்தபடி தூங்கினேன். நீ காதில் மாட்டிக்கொண்டு எங்கேயோ இருப்பாய், நான் பலகையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பாவம் என்று உனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஹெட்போனைத் தலையிலிருந்து எடுத்து, விரித்துப் பிடித்து, ஒரு பக்கத்தை என் காதில் வைத்தாய். அதிலிருந்து வகுப்பு முடிகிறவரை ஆளுக்கொரு காதாகத்தான் கேட்டோம். அந்த வாத்தியாரம்மாவுக்கு வயதான குரல், நிதானமான குரல். வகுப்பு தொடங்குவதற்கு முன் ஜெபம் செய்வார். நானும் கண்ணை மூடிக்கொள்வேன், நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து நீ முழங்கையால் இடிப்பாய். அவர் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் பாதிகூடப் புரியாது. நீ குசுகுசுவென்று தமிழில் சொல்லிக்கொண்டே எழுதுவாய். நடுவில் கரண்ட் போகும். அந்த வருஷம் கரண்ட் போகாத நாளே கிடையாது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அதுவும் நின்றுவிடும், பகலிலேயே அறை கும்மிருட்டாகிவிடும். கரண்ட் வரும்வரை நீ பாடத்தை எனக்கு முதலிலிருந்து சொல்லுவாய், நான் குறுக்கே குறுக்கே கேட்பேன். வீட்டில் அவ்வளவு காலம் ஒன்றாக இருந்து பேசியதைவிட அந்த இருட்டுக்குள் நாம் பேசியது அதிகம். வீட்டில் நான் கம்பெனியில் இருப்பது போலவே இருந்திருக்கிறேன். வெடிமருந்து கலக்கிற இடத்தில் பேச்சு கூடாது, கை கவனமாக இருக்கவேண்டும் என்று ஆயுள் முழுக்க மற்றவர்கள் வாயை அடைத்தே சம்பளம் வாங்கியவன் நான்.

எல்லாப் பாடத்தையும்விட எனக்குப் பிடித்தது, அடுத்தவர் பேசும்போது கேட்பது எப்படி என்ற பாடம். ஒருவர் அழத் தொடங்கினால் அழாதே என்று சொல்லாதே, அது அவருக்காகச் சொல்வதில்லை, உனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை என்று சொல்கிறாய் என்று அந்த அம்மா சொன்னதாகச் சொன்னாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறுதல் சொல்லாமல் மரம் மாதிரி உட்கார்ந்திருப்பதற்கு ஒரு படிப்பா என்று பஸ்ஸில் நம் ஆமத்தூர் வரும்வரை உன்னோடு வாதம் பண்ணினேன். பேசிமுடித்துவிட்டு, அதைச் செய்து பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றிவிட்டது. அங்கேதான் வினை.

போர்மேன் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். காலையில் கேட்டில் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கவேண்டும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவளை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூங்காமல் வந்தவளை மருந்துப் பக்கம் விடக்கூடாது. கை நடுங்கும், கவனம் போகும். அப்படிப்பட்டவளைப் பெட்டி ஒட்டப் போ என்று திருப்பிவிடுவேன். ஏன் என்று நானும் கேட்கமாட்டேன், அவளும் சொல்லமாட்டாள். அன்றைக்குப் பேச்சியம்மாள் கண் வீங்கிப்போய் வந்தாள். நான் அவளைத் தனியாக மரத்தடிக்குக் கூப்பிட்டு, மனசில் என்ன இருக்கிறது, சொல்லம்மா என்றேன். கேட்டுவிட்டு, பாடத்தில் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். போர்மேன் அப்படிக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்கு ஈரக்குலை நடுங்காது? அவள் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணாச்சி, நான் ஒரு தப்பும் செய்யல. வேணும்னா எம் பைய அவுத்துப் பாத்துக்கோங்க" என்று தூக்குவாளியையும் பையையும் கீழே கொட்டிவிட்டு ஓவென்று அழுதாள். தீப்பெட்டி கொண்டுவந்திருக்கிறாள் என்று நான் சந்தேகப்படுவதாக நினைத்துவிட்டாள். மத்தியானத்துக்குள் போர்மேன் வேலையிலிருந்து ஆள் கழிக்கிறார் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. மறுநாள் காலையில் அத்தனை பெண்களும் பவுடர் போட்டு, பூ வைத்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கல்யாண வீட்டுக்குக்கூட அப்படிச் சிரித்த முகமாய் ஒரு கூட்டம் போய் நான் பார்த்ததில்லை. யாருக்கு மனசு சரியில்லை, யாரை மருந்து ரூமுக்கு விடலாம் என்று எனக்கு ஒன்றும் தெரியாமல் அன்று முழுக்க நெருப்பில் நின்றேன்.

உன்னிடம் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் உன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னாய். "உண்மையச் சொன்னா ஒண்ணும் போயிறாதுன்னு அவுகளுக்குத் தெரியணும்லப்பா. அதுக்குப் பெறகுதான் கேக்கணும்" என்றாய். பெட்டி ஒட்டப் போனால் கூலி குறையும். அந்தக் கூலிக்காகத்தான் இத்தனை வருஷமும் அவர்கள் என்னிடம் நல்லாருக்கேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். கூலியைக் குறைக்கவேண்டாம் என்று நான் முதலாளியிடம் பேசிப்பார்த்தேன், பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

இப்போது நீ போனில் கேட்கிறாய், நல்லாருக்கீகளாப்பா, சாப்பிட்டீகளா என்று. நானும் அந்தப் பெண்களைப் போலவே பவுடர் போட்ட குரலில் பதில் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் உன் படிப்பு போய்விடும் என்ற பயம்தான். நான் அடுப்பே பற்றவைப்பதில்லை என்று சங்கரம்மா உன்னிடம் சொல்லிவிட்டாள் என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஊர் வம்பு உனக்கு எதுக்கு என்று அவளைத் திட்டினேன். அவள் அசையவில்லை. "அடுப்புல பூன படுத்துருக்கு அண்ணே. நல்லாருக்கேன்னு நீங்க சொன்னா, அதக் கேட்டுக்கிட்டு நானும் அந்தப் பிள்ளைட்டப் பொய் சொல்லணுமாக்கும்?" என்றாள்.

ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் நல்லா இல்லை. உடம்புக்கு ஒன்றும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. உன்னை விருதுநகர் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்ட அன்றே தொடங்கிவிட்டது. ரயில் கிளம்பும்வரை ஜன்னலைத் திறக்காதே, பையைச் சங்கிலி போட்டுக் கட்டு, யார் கொடுத்தாலும் எதையும் வாங்கித் தின்னாதே என்று ஒன்றுக்கும் ஆகாத பேச்சாகப் பேசினேன். நீ கதவருகில் நின்று ஏதோ எதிர்பார்த்தாய், எனக்கு அது தெரிந்தது. ரயில் போனபிறகு பஸ்ஸில் ஏறி, பழக்கத்தில் ஆமத்தூர் ரெண்டு என்று டிக்கெட் கேட்டேன். இன்னொரு ஆள் எங்கே என்று கண்டக்டர் கேட்டபோது பின்னால் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். வீடு வந்து சேரும்வரை அந்த இரண்டாவது டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தேன்.

சீசன் இருந்தவரை தெரியவில்லை. ஆவணி, புரட்டாசியில் கம்பெனியில் நிற்க நேரமிருக்காது, லோடு மேல் லோடு போகும், வீட்டுக்கு வந்து விழுந்தால் தூக்கம். தீபாவளி வந்ததும் எல்லாம் நின்றுபோனது. உனக்குப் பரீட்சை, வரமுடியாது என்றாய், சரி என்றேன். ஊருக்கெல்லாம் வெடி செய்து அனுப்புகிறவன், கம்பெனியில் கொடுத்த பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டு அதைக் கொடுத்துவிட்டேன். அரிசி களைந்தால் அளவு வரமாட்டேன் என்கிறது, ஒருவருக்குச் சோறு வடிக்க எனக்குத் தெரியவில்லை. மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அதையே சாப்பிட்டேன், பிறகு வடிப்பதையே விட்டுவிட்டு டீக்கடை பன்னோடு நிறுத்திக்கொண்டேன். டிவியைப் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னை அறியாமல் சிவகாசி பஸ்ஸில் ஏறிவிட்டேன். கடைக்காரத் தம்பி, என்ன அண்ணாச்சி, தனியா வந்திருக்கீக என்றான். மெயில் பார்க்கணும் என்றேன். எனக்குக் கம்ப்யூட்டரைப் போடக்கூடத் தெரியாது. நம் அறைக்குள் போய் அணைந்து கிடந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். அவன் காசு வாங்கவில்லை, அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. ஒருநாள் வகுப்பில் கரண்ட் போனபோது நீ என்னிடம், அம்மா ஞாபகம் வருதாப்பா என்று கேட்டாய். அதெல்லாம் இல்லை, காலம் போகிறது என்றேன். வருகிறது தாயி. தினமும் வருகிறது. அவள் படுக்கையில் கிடந்தபோது, என்னிடம் உட்கார்ந்து பேசுங்க என்று சொன்னவளிடம், பேசினால் களைப்பு வரும், கண்ணை மூடித் தூங்கு என்று சொன்னேன். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். அவள் என்ன சொல்ல நினைத்தாள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நீ வீட்டில் இருந்தவரை உன் சத்தத்தில் இது எனக்குக் கேட்காமல் இருந்தது. இப்போது வீடு அமைதியாக இருக்கிறது, நன்றாகக் கேட்கிறது.

நான் திட்டிய பிறகும் சங்கரம்மா தினம் சாயங்காலம் வருகிறாள். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி வாசல்படியில் உட்கார்ந்துகொள்கிறாள். அவள் இப்போது தன் வீட்டுக்குள் போய்ப் படுக்கிறாள், கதவை மட்டும் திறந்து வைத்துக்கொள்கிறாள். ஒரு கிண்ணத்தில் குழம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருப்பாள். உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டேன். ஒங்க மக எனக்குச் செஞ்சதத்தான் செய்யுறேன் என்றாள். நேற்று அவளிடம் உங்க அம்மாவைப் பற்றி, மேலே எழுதியதை எல்லாம், சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் அழாதீக என்று சொல்லவில்லை. கூட இருந்துவிட்டு, இருட்டப்போகிறது என்று எழுந்து போனாள். நான் உள்ளே போய் அரிசி களைந்து உலை வைத்தேன். உன்னோடு பஸ்ஸில் அன்றைக்குப் பண்ணின வாதத்தில் நான் தோற்றுவிட்டேன் என்று உன் வாத்தியாரம்மாவிடம் சொல்.

ஆகவே மாரீஸ்வரி, அப்பா சொல்வதைக் கேள். இந்தப் பக்கத்தில் வருஷத்துக்கு வருஷம் எங்கேயாவது சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கேட்டதும் எல்லாரும் வெளியே ஓடிவந்து புகை எந்தத் திசையில் என்று பார்க்கிறோம். போனவர்களுக்குக் காரியம் செய்கிறோம். மிச்சமிருப்பவளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, கோடாங்கியைக் கூப்பிடுகிறோம். நீ படித்து முடித்துவிட்டு இங்கே வந்தாலும் சரி, வேறு ஊரில் வேலை கிடைத்து அங்கேயே இருந்தாலும் சரி, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அரைகுறையாக விட்டுவிட்டு எனக்குச் சோறு பொங்க வராதே. அங்கே ஆஸ்பத்திரியில் உன்னிடம் பேசுகிறவர்களைப் பார்த்துவிட்டு உனக்கு மனசு பாரமானால் அதை உள்ளேயே வைத்துக்கொள்ளாதே, என்னிடம் சொல். பதிலுக்குப் புத்தி சொல்லாமல் இருக்கப் பார்க்கிறேன். ஜெபம் பண்ணும்போது நீயும் கண்ணை மூடிக்கொள், உங்க அம்மா கோபித்துக்கொள்ளமாட்டாள். உன் மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. மாசியில் படிப்பு முடிகிறது என்றாய், அதுவரை நானும் சமைத்துச் சாப்பிடுகிறேன். சந்தேகமாக இருந்தால் சங்கரம்மாவைக் கேட்டுக்கொள், இனி அவளைத் திட்டமாட்டேன்.

இதைப் படித்ததும் பெட்டியை எடுக்கத் தோன்றும், எனக்கு உன்னைத் தெரியும். நல்லா இருக்கிறேன் என்று பொய் சொல்லித் தடுப்பது எளிது, ஆனால் அது இனி உன்னிடம் செல்லாது. அதனால் இதையும் மறைக்காமல் சொல்கிறேன். நீ வந்து வாசலில் நின்றால் ஏன் வந்தாய் என்று நான் கேட்கமாட்டேன். பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, கோழி அடிக்கச் சொல்லிவிட்டு, தெருவெல்லாம் கேட்கும்படி என் மகள் வந்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு திரிவேன். உன்னைத் திருப்பி அனுப்புகிற தைரியம் எனக்குக் கிடையாது தாயி. அதனால் நீதான் வராமல் இருக்கவேண்டும்.

உன் அப்பா